பட்டணத்தில் எந்தப் பக்கம் குடியேறுவது?



தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போகலாமா, வேண்டாமா என்பதைப் பற்றி நான் இன்று பேசப் போவதில்லை. அதை உங்கள் குடும்பம் முன்பே முடிவு செய்திருக்கும். மகனுக்குக் கிள்ளான் துறைமுகத்தில் வேலை கிடைத்துவிட்டது. மகளைச் சுபாங் ஜெயாவில் ஒரு மருத்துவமனையில் எடுத்துக்கொண்டார்கள். தகப்பனார் ஓய்வு பெற இன்னும் ஓராண்டுதான் இருக்கிறது, ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். போவது என்று ஆகிவிட்டது. எந்தப் பக்கம் வீடு பார்ப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

வீடு பார்க்கப் போகும் நம்மவர்கள் முதலில் வாடகை எவ்வளவு என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை இரண்டாவதாகக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

தோட்டத்தில் வீடு தனியாக வருவதில்லை. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பெரட்டுக் களம் இருக்கிறது. பிள்ளையை விட ஆயாக் கொட்டகை இருக்கிறது. பள்ளிக்கூடம், கோயில், கடை எல்லாம் நடந்து போகும் தூரம். தண்ணீருக்கும் விளக்குக்கும் பெரிய செலவு இல்லை. இப்படி அமைந்ததற்குக் காரணம் கம்பெனிக்கு நம்மேல் இருந்த அன்பு அல்ல. விடிவதற்குள் ஆட்கள் வெட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான். எனினும் நமக்கு ஒரு வசதி கிடைத்தது. வேலைக்கும் பள்ளிக்கும் போய்வருவதற்கு நாம் காசு கொடுத்ததில்லை. ஆகவே அதைச் செலவாக எண்ணிப் பழகவும் இல்லை. பட்டணத்தில் இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் இருக்கும். அவற்றை ஒன்று சேர்க்கும் வேலை இனி நம்முடையது.

ஆகவே, வீடு பார்க்கப் புறப்படுமுன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள். பெயருக்கு எதிரே, அவர் எத்தனை மணிக்கு எங்கே போக வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று எழுதுங்கள். தாத்தா மாதம் ஒரு முறை சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்கப் போவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள்தான் உங்களுக்கு இடத்தைக் காட்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் கணக்கை நீங்கள் போட வேண்டும். பட்டணத்துக்கு வெளியே ஒரு வீடு. வாடகை 550 ரிங்கிட். மகனுடைய மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல், எண்ணெய், டயர் என்று மாதம் 220. இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளி வேன், ஆளுக்கு 80 என்றால் 160. ஆகமொத்தம் 930. இன்னொரு வீடு ரயில் நிலையத்துக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் பக்கத்தில், வாடகை 850. பிள்ளைகள் நடந்து போகிறார்கள். மகன் மாதப் பயண அட்டை 50 ரிங்கிட்டுக்கு எடுக்கிறான். ஆகமொத்தம் 900. வாடகை 300 ரிங்கிட் அதிகமான வீடு, மாதக் கடைசியில் 30 ரிங்கிட் மலிவாகிவிட்டது! இதில் தாயாரை நாம் இன்னும் சேர்க்கவில்லை. தோட்டத்தில் அவரும் சம்பளம் வாங்கியவர். முதல் வீட்டில் அவர் நினைத்தாலும் வேலைக்குப் போக முடியாது, பேருந்து இல்லை. இரண்டாவது வீட்டில் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையிலோ கடையிலோ அரைநாள் வேலையாவது பார்க்கலாம். 2025 முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒருவர் மட்டும் அந்தச் சம்பளத்தில் இருந்தால் 850 ரிங்கிட் வாடகை பாதியைத் தின்றுவிடும். இருவர் சம்பாதித்தால் கால் பங்கு. அந்த இரண்டாவது சம்பளம் வருமா வராதா என்பதை, நீங்கள் குடியேறும் இடமே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

அந்த 50 ரிங்கிட் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. மை50 எனப்படும் இது மலேசியக் குடிமக்களுக்கானது, ராபிட் கே.எல். நிறுவனத்தின் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், பேருந்து ஆகியவற்றில் செல்லும். கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயில் கே.டி.எம். நிறுவனத்தினுடையது. கொமுட்டரில் போக வேண்டியவர்கள் அதன் கட்டணத்தைத் தனியாக விசாரித்துக் கணக்கில் சேர்க்க வேண்டும். சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் பெரியவர்கள் எந்தச் சலுகையானாலும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இனி இடங்களுக்கு வருவோம். கோலாலம்பூர் என்றவுடன் நமக்குப் பிரிக்பீல்ட்ஸ் நினைவுக்கு வருகிறது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பின், மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டியது போதும், இனிச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று ஆயிற்று. அந்தச் செங்கல்லைச் சுட்ட இடம் என்பதால் இப்பெயர். பிறகு ரயில்வே வந்தது. குமாஸ்தாக்களாகவும் தொழிலாளர்களாகவும் யாழ்ப்பாணத்தவரும் தமிழ்நாட்டவரும் ரயில்வே குவார்ட்டர்ஸ்களில் குடியிருந்தார்கள். 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறந்தது. சுற்றிலும் கோபுரம்போல் அலுவலகக் கட்டடங்கள் எழும்பின. 2010இல் ‘லிட்டில் இந்தியா’ என்று அரசாங்கமே பெயர் சூட்டியது. ஆனால், பெயர் நமக்கு வந்த நேரத்தில் வாடகை நம் கைக்கு எட்டாமல் போய்விட்டது! தனியாக வேலைக்கு வரும் பெண்பிள்ளைக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை நல்ல ஏற்பாடு. ரயில்கள் எல்லாம் அங்கே கூடுகின்றன, இரவில் ஆள் நடமாட்டம் உண்டு, நம் சாப்பாடு கிடைக்கும். ஐந்து பேர் உள்ள குடும்பம் அங்கே வீடு தேட வேண்டாம் என்றே சொல்வேன். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போய்வரலாம். செந்தூல் அதே ரயில்வேயால் வளர்ந்த இடம்தான். அங்கே எல்.ஆர்.டி., கொமுட்டர் இரண்டும் உண்டு. பழைய அடுக்குமாடி வீடுகளை விசாரித்துப் பார்க்கலாம்.

கிள்ளான் நம் தோட்டத்து மக்களுக்கு நெடுநாள் பழக்கமான ஊர். 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று திறந்த துறைமுகம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது. ஜாலான் தெங்கு கிளானாவில் புடவைக் கடை முதல் பூக்கடை வரை எல்லாம் உண்டு. நாட்டின் பெரிய தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றான சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி அங்கேதான் இருக்கிறது. துறைமுகத்திலோ காப்பார், மேரு பக்கத்துத் தொழிற்சாலைகளிலோ வேலை என்றால் கிள்ளானைவிட நல்ல இடம் நான் அறியேன். ஆனால் கிள்ளான் என்பது ஓர் இடம் அல்ல. நடுவே ஆறு ஓடுகிறது. வேலைக்குப் போகும் நேரத்தில் பாலங்களைக் கடப்பதற்குள் பொறுமை போய்விடும். வெஸ்ட்போர்ட் துறைமுகம் இண்டா தீவில் இருக்கிறது. வட கிள்ளானில் வீடு எடுத்துவிட்டு அங்கே இரவு ஷிப்டுக்குப் போகிறவர், கனரக லாரிகளுக்கு நடுவே மழையில் மோட்டார் சைக்கிளில் போக வேண்டியிருக்கும். கம்பெனி வேன் உண்டா, எந்தச் சந்தியில் ஆள் ஏற்றுகிறது என்று கேட்டு, அந்தச் சந்திக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள். கோலாலம்பூரில் வேலை கிடைத்தவர் கிள்ளானில் மாமா இருக்கிறார் என்பதற்காக அங்கே குடியேறுவதும் யோசிக்க வேண்டியது. கொமுட்டரில் கே.எல். சென்ட்ரலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததற்கு எல்.ஆர்.டி.யைப் போலச் சில நிமிடங்களில் வழி பிறக்காது. மாமா வீட்டில் மூன்று மாதம் தங்கலாம். முப்பது வருடத்துக்கு வீட்டை வேலையைப் பார்த்து எடுக்க வேண்டும்.

அடுத்தது வெள்ளம். 2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் பெய்த மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கியது. மக்கள் மாடியிலும் கூரையிலும் ஏறி நின்று உதவிக்குக் காத்திருந்தார்கள், உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. நம்மவர்கள் பலர் குடியிருக்கும் பகுதி அது. ஆற்றோரத் தாழ்நிலங்களில் வாடகை மலிவாக இருப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வெயில் காலத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சுவரில் இடுப்பளவில் நிறம் மாறியிருக்கிறதா, பக்கத்து வீட்டில் குளிர்பெட்டியைச் செங்கல் அடுக்கி மேலே ஏற்றி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வீட்டுக்காரரைக் கேட்பதைவிட மூலையில் உள்ள மளிகைக் கடைக்காரரைக் கேட்பது மேல். அவருக்கு நம்மிடம் பொய் சொல்ல அவசியம் இல்லை.

மலிவு என்று போய் அவதிப்பட்ட கதை நமக்குப் புதிதல்ல. 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடல் நடந்தபோது வெளியேறியவர்களில் பலர் கோலாலம்பூரைச் சுற்றிப் புறம்போக்கு நிலங்களில் பலகையும் தகரமும் வைத்து வீடு கட்டிக்கொண்டார்கள். வாடகை இல்லை, ஆனால் நிலத்துக்குப் பத்திரமும் இல்லை. மேம்பாடு வந்தபோது தற்காலிக நீண்ட வீடுகளுக்குப் போனவர்கள் அந்தத் ‘தற்காலிகத்திலேயே’ ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். புத்ராஜெயாவுக்காக 1990களில் பிராங் பெசார் முதலிய தோட்டங்களிலிருந்து எடுக்கப்பட்ட குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. அந்தக் கட்டடத்தில் விரிசல் கண்டு பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஆகவே யாருடைய நிலம், எழுத்தில் என்ன இருக்கிறது, கட்டடம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

அரசாங்கத்தின் பி.பி.ஆர். மக்கள் வீடுகளில் மாத வாடகை 124 ரிங்கிட், மூன்று அறைகள். தகுதி உள்ளவர்கள் இன்றே மனுக் கொடுங்கள். முறை வரக் காலம் பிடிக்கும். போகுமுன் ஒரு நாள் மாலையில் அங்கே போய், மின்தூக்கி எத்தனை வேலை செய்கிறது என்று மட்டும் பாருங்கள். பதினைந்தாம் மாடியில் முழங்கால் வலி உள்ள பாட்டியை வைத்துக்கொண்டு, மின்தூக்கி இல்லாத நாளை எண்ணிப் பாருங்கள். தாய்மார்களுக்கு இன்னொன்று. லயத்துக்குப் பின்னால் முருங்கை, கறிவேப்பிலை, நான்கு கோழி, ஒரு பசலைப் பாத்தி இருந்தன. அடுக்குமாடியில் கறிவேப்பிலைக்கும் காசு. மாதக் கணக்கில் அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். முதல் இரண்டு மாதம் பணம் எங்கே போகிறது என்று தெரியாமல் கணவனும் மனைவியும் சண்டை போடுவது பெரும்பாலும் இதனால்தான்.

பள்ளியைத் தேடும்போது பெயரைப் பார்த்து மலைக்காதீர்கள். சுபாங் ஜெயா, சீபில்ட் தோட்ட நிலத்தில் 1976 முதல் எழும்பிய நகரம். தோட்டம் போய்விட்டது, சீபில்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பூச்சோங்கில் காசல்பீல்ட், கின்றாரா பள்ளிகளும் அவ்வாறே. பட்டணத்துக்கு நடுவில் தோட்டத்தின் பெயரோடு ஒரு பள்ளியைக் கண்டால், அதைச் சுற்றி நம் குடும்பங்கள் இருக்கும்; வாடகை வீடு எங்கே காலியாகிறது என்ற செய்தியும் அந்த வாசலில்தான் கிடைக்கும்.

இடம் பிடித்துவிட்டதா? ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகும் அதே நேரத்தில், அந்த வீட்டு வாசலிலிருந்து வேலையிடம் வரை ஒரு முறை போய்ப் பாருங்கள். இரவில் மகள் ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரும் பாதையைத் தாயார் ஒரு முறை நடந்து பார்க்கட்டும். வீட்டுக்காரர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டு மாத வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. ஆக மூன்றரை மாத வாடகை. 850 ரிங்கிட் வீட்டுக்கு அது 2,975 ரிங்கிட். ரசீதும் முத்திரையிட்ட ஒப்பந்தமும் இல்லாமல் கொடுக்க வேண்டாம். இ.பி.எஃப். பணத்தை எடுத்து உடனே வீடு வாங்கச் சொல்லும் தரகர்களிடம், ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்க்கிறோம் என்று சொல்லுங்கள்.

2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. ஆகவே ஆண்டு இறுதி விடுமுறையில் குடிபோவது பிள்ளைகளுக்கு வசதி. மாற்றல் மனுவைத் தோட்டத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.