திரும்பி வராத சீட்டு

தாமிரபரணி கடலைத் தொடும் புன்னக்காயல் பக்கம் காசுக்குப் பஞ்சமில்லை. ஆற்று மணலில் பாண்டியர் செப்புக்காசுகள் அகப்பட்டதுண்டு. பழைய வங்கி நோட்டு மட்டும் எளிதில் அகப்படாது. உப்புக்காற்றும் செல்லும் தின்றுவிட்டன என்பார்கள். பாதி நியாயந்தான். அதே காற்றில் நூறு வயதான கிரயப் பத்திரம் டிரங்குப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறதே! பத்திரத்தை வைத்திருந்தால் சொத்து நிற்கும். வங்கி நோட்டைப் பூட்டி வைத்தால் என்ன லாபம்? அது வங்கி எழுதிக் கொடுத்த கடன் சீட்டு. நீட்டினால் வெள்ளி ரூபாய் கிடைக்கும். 1843இல் தொடங்கிய மெட்ராஸ் வங்கி அப்படித்தான் நோட்டு வெளியிட்டது. 1861ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையை அரசின் கைக்கு மாற்றியது. வெளியே இருந்த நோட்டுகள் வங்கிக்குத் திரும்பின. திரும்பிய சீட்டை ரத்து செய்வதுதான் வங்கிகளின் வழக்கம். 1921இல் தூத்துக்குடியில் பிறந்த நாடார் வங்கி, இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, தன் பெயரில் நோட்டே போடாததும் இந்தச் சட்டத்தால்தான். ஆக, சொன்ன சொல்லைக் காப்பாற்றிய வங்கியின் நோட்டுதான் சேகரிப்பவருக்கு அரிது.

அப்படியானால் திவாலான வங்கியின் நோட்டு குவிந்து கிடக்க வேண்டுமே என்று கேட்கலாம். கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். காப்பிச் செடியில் நோய் விழுந்து இலங்கைத் தோட்டங்கள் நொடித்தபின், 1884இல் ஓரியண்டல் வங்கி மூடியது. அதன் நோட்டுகளுக்கு அரசு பொறுப்பு என்று ஆளுநர் ஆர்தர் கோர்டன் அறிவித்தார். செல்லும் என்று தெரிந்த தாளை யார் வைத்திருப்பார்கள்? எனவே வங்கி வாழ்ந்ததா வீழ்ந்ததா என்பதைவிட, கடைசியில் பணம் கொடுக்க ஆள் இருந்ததா என்பதே நோட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

இதனால்தான், வங்கி ரத்து செய்யும்போது ஓட்டை போட்ட நோட்டை மட்டமாக நினைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கையெழுத்தே விழாத சுத்தமான படிவம் அச்சகத்தின் திறமையைக் காட்டும், அவ்வளவுதான். ஓட்டை, கடன் தீர்ந்ததற்குச் சாட்சி. ஏமாற்றுக்காரர்கள் ஓட்டையை அடைப்பதும், வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதும் நடக்கும் என்பதால் லென்ஸ் இல்லாமல் வாங்கக் கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒட்டு தெரியும். அரசு நோட்டுகளில் இன்னொரு வேடிக்கை: தபாலில் திருட்டுப் போகாதிருக்க வியாபாரிகள் நோட்டை இரண்டாக வெட்டி, முதல் பாதி சேர்ந்ததாகக் கடிதம் வந்தபின் மறுபாதியை அனுப்பினார்கள். ஒட்டிய நோட்டு கைக்கு வந்தால் இரு பாதியிலும் உள்ள எண்ணை முதலில் ஒப்பிடுங்கள். எண் மாறினால் அது இரண்டு நோட்டு.