கரணை போடும் கணக்கு

மிருதங்கத்தின் வலந்தலை நடுவே கறுப்பாக ஒட்டியிருக்கிறதே கரணை, அது இல்லாவிட்டால் அந்த வாத்தியத்தைச் சுருதி சேர்க்கவே முடியாது. ஏன் என்று டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம். முதலில் ஒரு கயிறு வேண்டும்.

கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மறுமுனையை மேலும் கீழும் ஆட்டுங்கள். அலை கம்பி வரை ஓடி, முட்டி, தலைகீழாகத் திரும்பி வரும். போகிற அலையும் வருகிற அலையும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் கயிறு கன்னாபின்னாவென்று குலுங்கும். ஆனால் ஒரு குறிப்பிட்ட வேகம் வந்ததும் கயிறு முழுவதும் ஒரே வளைவாக எழுந்து தாழும். அலை ஓடுவதே தெரியாது. இதுதான் நிலை அலை. இரு மடங்கு வேகத்தில் இரண்டு வளைவு, நடுவில் அசையாமல் நிற்கும் ஒரு புள்ளி. அதற்குக் கணு என்று பெயர். மும்மடங்குக்கு மூன்று வளைவு. இந்த வேகங்களில் மட்டும் கை கொடுக்கும் சின்னச் சின்ன உந்தல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய ஆட்டமாகும், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவதைப் போல. அதுவே ஒத்ததிர்வு.

வீணைத் தந்தியும் கயிறுதான். மீட்டினால் 1, 2, 3, 4 என்ற கணக்கில் அத்தனை ஆட்டங்களும் சேர்ந்தே எழும். முழு எண் விகிதம் என்பதால் காது அவற்றைப் பிரித்துக் கேட்காது. நிறைவான ஒரே சுரமாக எடுத்துக்கொள்ளும்.

தோல் அப்படியல்ல. வட்டமாக இழுத்துக் கட்டிய தோலில் முதல் ஆட்டம், முழுத்தோலும் ஒன்றாக எழுந்து தாழ்வது. இரண்டாவதில் நடுவே ஒரு கோடு அசையாமல் நிற்க, ஒரு பாதி எழும்போது மறுபாதி தாழும். கயிற்றில் இந்த இரண்டாவது ஆட்டம் சரியாக 2 மடங்கு. வெறும் தோலில் 1.59. அடுத்தவை 2.14, 2.30, 2.65. ஒன்றாவது முழு எண்ணா? அதனால்தான் வெறும் தோலில் அதிர்வு பிறக்கும், சுரம் நிற்காது.

இங்கேதான் கரணை வருகிறது. முதல் ஆட்டத்தில் அதிகம் எழுந்து தாழ்வது நடுப்பகுதி. ஆகவே நடுவில் வைத்த சுமை அந்த ஆட்டத்தைத்தான் அதிகம் மந்தமாக்கும். இரண்டாவதில் அசையாத கோடு நடுவழியே போகிறது. கரணை லேசாகச் சாய்ந்தாடும், அவ்வளவே. சுமை அங்கே பெரிதாக உறைக்காது. முதலாவது நன்றாக இறங்க, இரண்டாவது அந்த அளவுக்கு இறங்காமல் நிற்க, இடைவெளி விரிந்து 1.59 என்பது 2-ஐ எட்டிப் பிடிக்கிறது. கிட்டான் கல் பொடியைச் சோற்றோடு பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக அப்பி, ஒவ்வொரு பூச்சையும் கல்லால் தேய்த்து, தட்டிக் கேட்டு அடுத்த பூச்சுக்குப் போகிறாரே தொழிலாளி, அவர் செய்வது இந்தச் சமன்பாட்டைத் தீர்க்கும் வேலை. இதைவிட நுட்பமான இயற்பியல் வேலை நம் கைத்தொழில்களில் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கணக்கை எழுத்தில் கொண்டுவந்தவர் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். கல்கத்தாவில் இருந்தபோது, 1920-இல், சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றி எழுதினார். 1934-இல் விரிவான கட்டுரை வந்தது. தோலின்மேல் நுண்மணலைத் தூவி அடித்தால், ஆடும் இடத்து மணல் துள்ளி விலகி அசையாத கோட்டில் போய்ச் சேரும். ஆட்டத்தின் வடிவம் கண்ணுக்குத் தெரியும். ஒன்பது விதமான ஆட்டங்கள் ஐந்தே சுருதிகளில் வந்து விழுவதை ராமன் காட்டினார்.

வித்வானின் விரலுக்கும் இந்தக் கோடு தெரியும். ‘நம்’ என்ற சொல்லுக்கு மோதிர விரல் தோலை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க, ஆள்காட்டி விரல் மீட்டு எனப்படும் விளிம்புத் தோலில் விழும். தொட்ட இடம் அசைய முடியாது. எனவே முழுத்தோலும் எழும் முதல் ஆட்டம் அடங்கிவிட, அந்த விரலின் வழியே அசையாக் கோடு போகும் இரண்டாவது ஆட்டம் ஓங்கி ஒலிக்கும். விரலை அழுத்தி வைத்தால் அதுவும் செத்துப்போகும்.

இடப்பக்கத் தொப்பியில் நிரந்தரக் கரணை கிடையாது. கச்சேரிக்கு முன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்புவார்கள். சுமை ஏறினால் சுருதி இறங்கும். ரவை காய்ந்து எடை குறைந்தால் சுருதி மேலே நகரும். வித்வான் இடையில் விரலை நனைத்துத் தடவிக்கொள்வது அதற்காகத்தான்.