செல்கள் பேசும் சர்க்கரை மொழி

சோறும் கிழங்கும் கார்போஹைட்ரேட் நிறைந்த உணவுகள். அவை உடலுக்கு ஆற்றல் தருகின்றன என்பதை அறிவோம். கார்போஹைட்ரேட்டுக்கு மற்றொரு பணியும் உண்டு. செல்கள் ஒன்றையொன்று அடையாளம் காண அது துணைபுரிகிறது.

செல்லின் மேற்பரப்பில் சர்க்கரை மூலக்கூறுகள் தொடர்களாக இணைந்து, மரக்கிளைகள்போல் வெளிநோக்கி நீண்டிருக்கின்றன. உடலில் காயம் ஏற்பட்டால், அவ்விடத்துக் குருதிக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் செலக்டின் என்னும் புரதத்தை வெளிக்காட்டும். குருதியில் விரைந்து செல்லும் வெள்ளையணுவின் சர்க்கரைத் தொடரை அப்புரதம் பற்றிக்கொள்ளும். வேகம் தணிந்த வெள்ளையணு, குழாய்ச் சுவரைக் கடந்து காயத்தை அடைந்து கிருமிகளை எதிர்க்கும்.

இம்மொழியில் ஒரு சர்க்கரை குறைந்தாலும் பொருள் மாறிவிடும். குருதி வகைகளே இதற்குச் சான்று. சிவப்பணுவின் சர்க்கரைத் தொடர் நுனியில் ஃபியூகோஸ் என்னும் சர்க்கரை சேர்ந்தால், அது ‘எச்’ அடையாளமாகும். அந்நுனியில் மேலும் அசிட்டைல் காலக்டோசமைன் சேர்ந்தால் ‘ஏ’ வகை. காலக்டோஸ் சேர்ந்தால் ‘பி’ வகை. இருவகை நுனிகளும் அமைந்தால் ‘ஏபி’ வகை. எதுவும் சேராவிடில் ‘ஓ’ வகை.

1952ஆம் ஆண்டு, மும்பையைச் சேர்ந்த மருத்துவர் ஒய்.எம். பெண்டேயும் அவர்தம் குழுவினரும் ‘எச்’ அடையாளமும் இல்லாத அரிய குருதியைப் பற்றி உலகுக்கு அறிவித்தனர். அதுவே ‘பம்பாய்க் குருதி வகை’ எனப்படுகிறது. இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இவ்வகை உள்ளது. வழக்கமான சோதனையில் இது ‘ஓ’ வகைபோலவே தோன்றும். ஆயினும், இவர்களுக்கு ‘ஓ’ வகைக் குருதியை ஏற்றினால், அதிலுள்ள ‘எச்’ அடையாளத்தை அயலானதாகக் கருதி, உடலின் எதிர்ப்பொருள்கள் புதிய சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். உயிருக்கே ஊறு நேரலாம். பம்பாய் வகைக் குருதி மட்டுமே இவர்களுக்குப் பொருந்தும்.

எனவேதான், சென்னை கே.கே. நகரிலுள்ள இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாயினும், சிற்றூரிலுள்ள சிறு மருத்துவமனையாயினும், குருதி ஏற்றுமுன் பொருத்தம் பார்த்தல் இன்றியமையாததாகிறது. கொடையாளரின் சிவப்பணுக்களை நோயாளியின் சீரத்தோடு கலந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றனவா என ஆய்வர். திரண்டால் அக்குருதியை ஏற்றமாட்டார்கள். ‘ஓ’ வகையெனக் கருதப்பட்டவர் பம்பாய் வகையினர் என்பது இச்சோதனையில்தான் பெரும்பாலும் வெளிப்படுகிறது.

18 வயது நிறைந்தோர் குருதிக்கொடை அளிக்கலாம். தம் குருதி வகையைச் சரியாக அறிந்து, அரிய வகையாயின் குருதி வங்கியில் பதிந்துவைக்கும் ஒருவர், முன்பின் அறியாத ஓர் உயிரைக் காக்கக்கூடும்.