70 விநாடிக்காக மூன்று தலைமுறைச் சண்டை!

அமெரிக்காவில் மிச்சிகன், இண்டியானா என்று இரண்டு மாகாணங்கள் இருக்கின்றன. இரண்டும் அடுத்தடுத்து உள்ளவை. இந்த மாகாணத்துப் பெண்ணை அந்த மாகாணத்துப் பையன் கட்டிக்கொள்வது சகஜம். ஆனால் அப்படிப்பட்ட வீடுகளில், விருந்து நாளில் ஒரு பேச்சை மட்டும் எடுக்கக்கூடாது. எடுத்தால் சாப்பாடு ஆறிவிடும்!

"1966-ம் ஆண்டுப் பந்தயத்தில் யார் கெட்டிக்காரர்?" என்பதே அந்தப் பேச்சு.

பாட்டனார் ஒரு கட்சி. மருமகன் மறு கட்சி. அந்தப் பந்தயம் நடந்தபோது பிறந்தே இராத பேரப்பிள்ளைகளும் இப்போது கட்சி பிரிந்து நிற்கிறார்கள்.

என்ன பந்தயம் அது?

இரண்டு சிங்கங்கள்

1966 நவம்பர் 19, சனிக்கிழமை. மிச்சிகன் மாகாணத்தில் ஈஸ்ட் லான்சிங் என்ற ஊர். அங்கே மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்களும், இண்டியானாவில் உள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழக மாணவர்களும் மோதினார்கள். மைதானத்தில் 80,011 பேர் கூடியிருந்தார்கள். டெலிவிஷனில் 3 கோடிக்கும் அதிகமானவர்கள் பார்த்தார்கள்.

கல்லூரிப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு இத்தனை கூட்டமா?

ஆமாம். நாடு முழுவதும் உள்ள கல்லூரிகளின் வரிசையில் அன்று நோட்டர் டேம் முதல் இடம். மிச்சிகன் ஸ்டேட் இரண்டாம் இடம். அந்த ஆண்டு தோல்வி என்பதையே இரண்டும் பார்த்ததில்லை. பந்தயத்துக்கு முன்பே இதற்கு "நூற்றாண்டின் பந்தயம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள்!

சடுகுடு மாதிரி

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்லுவது நம் ஊர்க் கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவமாக இருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், தோழனுக்கு எறியலாம். நாலு தடவை முயன்று 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நாலு தடவை உண்டு. முன்னேறாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும்.

எல்லைக் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி. அதன் பிறகு சரியாக உதைத்தால் இன்னும் 1. தூரத்திலிருந்து இரு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3.

ஓடுகிறவரைப் பிடித்து அமுக்குவது எதிரியின் வேலை. சடுகுடுவில் பாடி வருபவரை மடக்குவது போலத்தான்.

1965-ல் ஒரு விதி தளர்ந்தது. ஆட்களை இஷ்டம் போல மாற்றிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. அதனால் தாக்குவதற்கு 11 பேர், தடுப்பதற்கு வேறு 11 பேர் என்று கல்லூரிகள் தனித்தனியாகப் பழக்கின. யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது? ரசிகர்களுக்கு வாய் ஓயாத வேலை கிடைத்தது!

மலை போன்ற ஆள்

மிச்சிகன் ஸ்டேட் ரசிகர்கள் பெருமையாகச் சொல்லுவது தங்கள் தடுப்பாளர்களைத்தான். 1965-ல் நோட்டர் டேமுடன் மோதியபோது, எதிரிகள் பந்துடன் ஓடி முன்னேறிய தூரம் எவ்வளவு தெரியுமா? முன்னேறவே இல்லை. கணக்குப் பார்த்தால் 12 கெஜம் பின்னால் போயிருந்தார்கள்!

அந்தத் தடுப்பின் நடுநாயகம் பப்பா ஸ்மித். உயரம் 6 அடி 7 அங்குலம். அவர் மைதானத்தில் இறங்கினால், "கொல்லு, பப்பா, கொல்லு!" என்று மாணவர்கள் கத்துவார்கள். அந்த வாசகம் எழுதிய வில்லைகளைச் சட்டையில் குத்திக்கொண்டு வருவார்கள். அவருக்குத் துணையாக ஜார்ஜ் வெப்ஸ்டர் மைதானம் முழுவதும் ஓடி ஓடி மடக்குவார்.

நோட்டர் டேமும் இளைத்தது அல்ல. அதற்கு முன் ஆடிய 8 பந்தயங்களில், 5-ல் எதிரியை ஒரு புள்ளிகூட எடுக்கவிடவில்லை.

ஊரில் கிடைக்காத இடம்

இங்கே ஒரு விஷயத்தை அறிந்துகொள்ள வேண்டும்.

பப்பா ஸ்மித் டெக்ஸாஸ்காரர். வெப்ஸ்டர் தென் கரோலினாக்காரர். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்திய ஜிம்மி ரே வட கரோலினாக்காரர். மூவரும் கறுப்பர்கள். பிறந்த மாகாணத்துப் பெரிய பல்கலைக்கழகங்களில் அந்த நாளில் கறுப்பர்களைக் கோஷ்டியில் சேர்க்க மாட்டார்கள். டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் ஆட ஸ்மித்துக்கு ஆசை. கதவு திறக்கவில்லை.

மிச்சிகன் ஸ்டேட் பயிற்சியாளர் டஃபி டாகர்ட்டி அவர்களை அழைத்துக்கொண்டார். 1966-ல் அவருடைய கோஷ்டியில் 20 கறுப்பர்கள் இருந்தார்கள். எதிரே நின்ற நோட்டர் டேமில் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் ஆலன் பேஜ்.

அன்று டெலிவிஷன் பார்த்த கோடிக்கணக்கான ஜனங்கள் கறுப்பரும் வெள்ளையரும் தோளோடு தோள் நின்று ஆடியதைக் கண்டார்கள். "திறமை இருந்தால் நிறம் எதற்கு?" என்ற கேள்வி பல வீடுகளில் எழுந்தது.

காயத்துக்கு மேல் காயம்

நோட்டர் டேமுக்கு நேரம் சரியாக இல்லை. அதன் சிறந்த ஓட்டக்காரர் நிக் எடி ரயிலை விட்டு இறங்கும்போதே வழுக்கித் தோளைக் கெடுத்துக்கொண்டார். அவரால் ஆடவே முடியவில்லை.

ஆட்டம் தொடங்கிய முதல் பகுதியிலேயே, பந்தை எறியும் டெர்ரி ஹான்ராட்டியைப் பப்பா ஸ்மித் மோதிச் சாய்த்தார். அவர் தோளும் போயிற்று. பதிலுக்கு இறங்கியவர் கோலி ஓப்ரியன். இவரோ நீரிழிவு நோயாளி. இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு ஆடுகிறவர்!

மிச்சிகன் ஸ்டேட் 10 புள்ளி எடுத்துவிட்டது. நோட்டர் டேமுக்குப் பூஜ்யம். "தீர்ந்தது கதை" என்று மைதானம் ஆர்ப்பரித்தது.

தீரவில்லை. ஓப்ரியன் 34 கெஜம் எறிந்த பந்தைப் பாப் கிளாடியூ பிடித்துக் கோட்டைத் தாண்டினார். 7 புள்ளி. கடைசிப் பகுதியின் தொடக்கத்தில் ஜோ அஸ்ஸாரோ உதைத்து 3 எடுத்தார். 10-க்கு 10!

முடிய சுமார் 5 நிமிடம் இருக்கையில் அஸ்ஸாரோ மறுபடி உதைத்தார். பந்து கம்பத்துக்கு வெளியே போய்விட்டது.

அந்த 70 விநாடி

கடைசியில் பந்து நோட்டர் டேம் கைக்கு வந்தது. மிச்சம் இருந்தது 1 நிமிடம் 10 விநாடி. அவர்கள் நின்ற இடம் சொந்த எல்லையிலிருந்து 30 கெஜம். போக வேண்டியதோ 70 கெஜம்.

நீளமாக எறிந்து பார்ப்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பயிற்சியாளர் ஆரா பார்சீகியன் அப்படிச் செய்யவில்லை. பந்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓடச் சொன்னார். எதிரி ஆட்டக்காரர்கள் கேலி செய்தார்கள். கூட்டம் கூச்சல் போட்டது. மணி முடிந்தது. யாருக்கும் வெற்றி இல்லை.

சண்டை அங்கேதான் ஆரம்பம்!

வாதமும் எதிர்வாதமும்

"வீரன் என்றால் கடைசி மூச்சு வரை தாக்க வேண்டாமா? பயந்து ஒளிந்தார்கள்!" என்பது மிச்சிகன் கட்சி.

"நோயாளிப் பையன் களைத்துப் போயிருந்தான். எறிந்த பந்தை எதிரி பறித்தால், ஒரே உதையில் எல்லாம் போயிருக்கும். அடிபட்டு, 10 புள்ளி பின்தங்கி, எழுந்து வந்து சமன் செய்தவர்களா கோழைகள்?" என்பது இண்டியானா கட்சி.

அவர்களிடம் இன்னொரு அம்பும் உண்டு. "2 நிமிடம்கூட இல்லாத நேரத்தில் நாலாவது முயற்சி வந்தபோது, உங்கள் டாகர்ட்டி என்ன செய்தார்? துணிந்து ஓடச் சொன்னாரா? பந்தை உதைத்து எங்களிடம் கொடுத்துவிட்டாரே!" என்று கேட்பார்கள். மிச்சிகன் கட்சிக்குக் கொஞ்ச நேரம் வாயடைத்துப் போகும்.

வேறொரு விசித்திரமான வாதமும் உண்டு. "ஸ்மித் ஹான்ராட்டியைச் சாய்த்ததுதான் தவறு. பிறகு வந்த ஓப்ரியன் மான் போல ஓடியதால் தடுப்பாளர்கள் திணறினார்கள்" என்பார்கள் சிலர். அதாவது, தடுப்பு பலமாக இருந்ததே ஆபத்தாக முடிந்ததாம்!

மூன்றாவது கட்சி

நோட்டர் டேம் அடுத்த வாரம் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தை 51-0 என்று நொறுக்கியது. பத்திரிகைகள் எடுத்த வாக்கில் முதலிடமும் பெற்றது. மிச்சிகன் ஸ்டேட்டுக்கு இரண்டாம் இடம். ஆனால் மக்ஆர்தர் பவுல் என்ற பரிசை இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள்.

அப்போது அலபாமா மாகாணத்து ரசிகர்கள் கொதித்தார்கள். "எங்கள் கல்லூரி 10 பந்தயம் ஆடி பத்திலும் ஜெயித்ததே! எங்களுக்கு மூன்றாம் இடமா?" என்றார்கள். அவர்கள் கேள்வியிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கோஷ்டியில் ஒரு கறுப்பருக்குக்கூட இடம் இல்லை. "பாதிப் பேரை வாசலில் நிறுத்திவிட்டுப் பெற்ற வெற்றிதானே!" என்று மறுபக்கம் பதில் வந்தது. அலபாமா பல்கலைக்கழகக் கோஷ்டியில் கறுப்பர்கள் ஆடத் தொடங்கியது 1971-ல்தான்.

பிறகு நடந்தது

1967-ல் தொழில்முறைக் குழுக்கள் ஆட்களைத் தேர்ந்தெடுத்தன. முதலாவதாக எடுக்கப்பட்டவர் பப்பா ஸ்மித். முதல் எட்டுப் பேரில் நால்வர் மிச்சிகன் ஸ்டேட் பிள்ளைகள். நால்வரும் கறுப்பர்கள். ஸ்மித் பின்னர் சினிமாவிலும் நடித்துப் புகழ் பெற்றார். 2011-ல் காலமானார்.

நோட்டர் டேமில் தனியாக நின்ற ஆலன் பேஜ் பிற்காலத்தில் சட்டம் படித்தார். 1993-ல் மின்னசோட்டா மாகாண உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பர் அவரே.

1996 முதல் பெரிய கல்லூரிப் பந்தயங்களில் சமநிலை என்ற பேச்சே கிடையாது. கூடுதல் நேரம் ஆடி முடிவு கண்டுவிடுகிறார்கள். இனி இப்படி ஒரு சண்டைக்கு வழி இல்லை.

ஆகவே, பழைய சண்டையையே பத்திரமாக வைத்துப் பேசுகிறார்கள். விருந்து மேஜையில் பாட்டனாரும் பேரனும் முகம் சிவக்க வாதாடுவார்கள். பாட்டியம்மாள் வந்து தட்டுகளை எடுப்பார்.

"10-க்கு 10. இரண்டு பேரும் எழுந்து கை கழுவுங்கள்!"

அதோடு சண்டை முடியும். அடுத்த விருந்து வரையில்!