பறக்கப் பயில்வார்க்கு மெய்நிகர்க் காட்சி விலைக்குத் தகுமோ?

விமானம் ஓட்டக் கற்க விழையும் இளைஞர் பலர் இக்காலத்தில் முதன்முதல் ஏறி அமர்வது விமானத்தில் அன்று. தம் வீட்டு மேசையின்முன் இட்ட நாற்காலியிலேயாம். ஒரு கணினியும், விமானத்தின் இயக்கத்தைப் பாவனை செய்துகாட்டும் சிமுலேட்டர் என்னும் மென்பொருளும், கையிற் பிடிக்கும் ஜாய்ஸ்டிக் ஒன்றும் இருப்பின், எரிபொருட் செலவின்றி உலகின் எந்த விமான நிலையத்தினின்றும் எழும்பலாம். இவ்வளவோடு அமையாது, தலையில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர்க் காட்சிக் கருவியாகிய வி.ஆர். ஹெட்செட்டையும் வாங்கவேண்டுமோ, அதற்குக் கொடுக்கும் பொருளுக்கு ஈடான பயன் உண்டோ என்று எம்மைச் சிலர் வினவினர். உண்டென்றோ இல்லையென்றோ ஒரு சொல்லில் விடையிறுத்தல் எளிது. ஆயின் எதனைக் கற்கும்பொருட்டு வாங்குவது என்று கேளாமல் விலையை மட்டும் பேசுதல், நோய் இன்னதென்று அறியாமல் மருந்தின் விலையைப் பேசுதல் போலாம். ஆதலின் முதற்கண் ஒரு பழைய வரலாற்றைக் கூறுவோம்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவர் இருந்தார். அவருடைய தந்தையார் ஆர்கன், பியானோ முதலிய இசைக்கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்திவந்தார். ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளையும் பம்புகளையும் கொண்டே மைந்தர் 1929-ல் ஒரு விந்தையான பெட்டியைச் செய்து முடித்தார். குட்டை இறகுகள் பொருத்திய அச்சிறு பெட்டியினுள் அமர்ந்து மாணவன் பிடியை அசைத்தால், துருத்திகள் விரிந்தும் சுருங்கியும் பெட்டியைச் சாய்க்கும், நிமிர்த்தும், திருப்பும். விமானப் பள்ளிகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. பொழுதுபோக்குப் பூங்காக்களே காசு போட்டு ஏறும் விளையாட்டாக அதனை வாங்கின. விளையாட்டுப் பொருளென்று இகழப்பட்டதொன்று பின்னர்ப் பாடசாலைக்குள் புகுவது இத்துறையில் அன்றே தொடங்கிவிட்டது.

1934-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்க அரசாங்கம் தபால் விமானங்களை ஓட்டும் பொறுப்பைத் தன் படையின் விமானிகளிடம் ஒப்புவித்தது. பனிக்காலம், இரவிலும் மேகத்திலும் பறக்க வேண்டியிருந்தது. கண்ணுக்கு நிலமும் வானமும் தெரியாத வேளையில் கருவிகளின் முட்களை மட்டும் நோக்கிப் பறக்கும் பயிற்சி அவ்விமானிகளிற் பெரும்பாலார்க்கு இல்லை. சில வாரங்களுக்குள் விமானிகள் பலர் மாண்டனர். அதன்பின்னரே படையினர் லிங்க் என்பாரின் பெட்டிகள் ஆறினை, ஒவ்வொன்றும் 3,500 டாலர் விலைக்கு வாங்கினர். இரண்டாம் உலகப் போர் முடியுமுன் இவ்வகைப் பெட்டிகள் 10,000-க்கு மேல் செய்யப்பட்டன.

இதில் நாம் கவனிக்கத்தக்கது யாதெனின், அப்பெட்டியின் மேல்மூடியை மூடிவிட்டால் உள்ளிருப்பவனுக்கு வெளியே யாதொன்றும் தெரியாது என்பதே. மேகத்துள் விமானம் மெல்லத் திரும்பிக்கொண்டேயிருப்பின், நம் உட்செவியிலுள்ள நீர்மம் சிறிது நேரத்தில் அத்திருப்பத்தோடு ஒத்து நின்றுவிடும். அதனால் விமானி தான் நேரே செல்வதாகவே உணர்வான். பின்பு உண்மையாகவே நேராக்கினால் எதிர்ப்புறம் திரும்புவதாக உணர்ந்து, மீண்டும் பழைய திருப்பத்திலே விமானத்தைச் சாய்ப்பான். உடம்பு சொல்வதை நம்பாதே, முட்கள் காட்டுவதை நம்பு என்பதே அங்குப் பயிலவேண்டிய பாடம். அப்பாடத்திற்கு வெளிக்காட்சி வேண்டுவதில்லை. காட்சி இல்லாமையே வேண்டும். கண்ணை மறைத்த ஒரு பெட்டி அத்துணை உயிர்களுக்குப் பயன்பட்டதென்றால், காட்சி மிகுந்த கருவியே சிறந்ததென்று எண்ணுவோர் சற்று நின்று ஆராய வேண்டும் அன்றோ?

இனி ஹெட்செட்டிற்கு வருவோம். கண்ணொன்றிற்கு ஒன்றாக இருவேறு காட்சிகள், இரு வில்லைகளின் வழியே தெரிகின்றன. தலை எத்திசையில் எவ்வளவு அசைந்ததென்பதைக் கருவி இடைவிடாது அளந்து, அதற்கேற்பக் காட்சியை மாற்றிக்கொண்டேயிருக்கும். இதன் முதல் வடிவத்தை ஐவன் சதர்லண்டு என்பவர் 1968-லேயே செய்துகாட்டினார். எனினும் வீடுகளில் வாங்கத்தக்க விலைக்கு அது வந்தது 2016-ல் ஆக்குலஸ் ரிப்ட், எச்.டி.சி. வைவ் என்னும் இரண்டும் விற்பனைக்கு வந்தபோதுதான். எக்ஸ்-பிளேன் என்னும் சிமுலேட்டர் 2018-லும், மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரது சிமுலேட்டர் 2020-ஆம் ஆண்டிறுதியிலும் இதனை ஏற்றுக்கொண்டன.

இக்கருவி மெய்யாகவே பயன்படும் இடம் ஒன்று உண்டு. பயிலும் விமானி நாள்தோறும் செய்வது, ஓடுபாதையினின்று எழுந்து, அதனை வட்டமிட்டு வந்து மீண்டும் இறங்கும் சுற்று. இடப்புறச் சுற்றாயின், ஓடுபாதைக்கு இணையாக, அது தன் இடக்கைப் பக்கம் தெரிய, இறங்கும் திசைக்கு எதிராகப் பறப்பான். ஓடுபாதையின் தொடக்கம் தோளுக்குப் பின்னே ஏறத்தாழ 45 பாகை தெரியும்போது இடப்புறம் திரும்புவான். மறுபடி ஒருமுறை திரும்பி ஓடுபாதைக்கு நேரே வருவான். இவ்வளவிற்கும் அவன் தலையைத் திருப்பித் தோள்மேல் நோக்கியாக வேண்டும். தட்டைத் திரையின்முன் இருப்பவன் தோளுக்குப் பின் திரும்பினால் காண்பது வீட்டுச் சுவரையே! பொத்தானை அழுத்திக் காட்சியை மாற்றலாம். ஆனால் காட்சி மாறிய கணத்தில் தான் எங்கு நோக்குகிறான் என்னும் உணர்வு அற்றுப்போம். ஹெட்செட் அணிந்தவனோ இயல்பாகத் திரும்பிப் பார்த்து, இப்போது திரும்பலாம் என்று மதிப்பிடக் கற்கின்றான். வீட்டில் திரையின்முன் நெடுங்காலம் பழகிவந்த மாணவர் உண்மை விமானத்தில் ஏறியும் வெளியே நோக்காமல் கருவிப் பலகையையே பார்த்துக்கொண்டிருக்கின்றனர் என்பது விமான ஆசிரியர்கள் கூறும் குறை. அக்குறையைப் போக்க ஹெட்செட் ஓரளவு துணைசெய்யும் என்பது எம் துணிபு.

ஹெலிகாப்டர் பயில்வார்க்கு இப்பயன் இன்னும் மிகுதி. தரைக்கு ஓரிரு மீட்டர் மேலே அசையாது நிற்கச் செய்தலே அவர்க்கு முதற்பெரும் இடர்ப்பாடு. அவ்வளவு அண்மையில் இரு கண்களாலும் ஆழத்தை உணர்தலும், கண்ணின் ஓரத்தில் புல்லும் மண்ணும் நகர்வதைக் காண்டலும் இன்றியமையாதன. 2021-ல் ஐரோப்பிய ஒன்றியத்து விமானப் பாதுகாப்பு நிறுவனம் முதன்முதல் அங்கீகரித்த மெய்நிகர்ப் பயிற்சிக் கருவி, சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்ட ராபின்சன் ஆர்-22 ஹெலிகாப்டர்க் கருவியே என்பதை இங்கு நினைவுகூர்க. ஆயின் அது தலையில் மாட்டும் கருவி மட்டும் அன்று. உண்மையான இருக்கையும் பிடிகளும் மிதிகளும், அசையும் மேடையும் உடையது.

இனிக் குறைகளைப் பார்ப்போம். நல்ல கண்பார்வை ஒரு பாகையில் ஏறத்தாழ 60 புள்ளிகளைப் பிரித்தறியும். 2023-ல் 499 டாலர் விலைக்கு வந்த குவெஸ்ட் 3 என்னும் ஹெட்செட் நடுப்பகுதியில் பாகைக்கு ஏறத்தாழ 25 புள்ளிகளே காட்டுவது. 27 அங்குல 4கே திரையை 60 சென்டிமீட்டர் தொலைவில் வைத்து நோக்கினாலோ பாகைக்கு ஏறத்தாழ 70 புள்ளிகள் கிடைக்கும். ஆதலால் உயரமானியின் சிறு எண்கள் திரையில் தெளிவாகத் தெரிய, ஹெட்செட்டில் தலையை முன்னே நீட்டிப் படிக்கவேண்டியதாகும். தொலைவில் வரும் பிற விமானம் ஒரு புள்ளியாகத் தோன்றுவதும் அவ்வாறே மங்கிவிடும். மேலும் ஹெட்செட் அணிந்தவன் தன் கைகளையே காணான். வரைபடத்தைப் பார்க்கவோ, தொடைமேல் கட்டிய தாளிற் குறித்துக்கொள்ளவோ, கருவியின் பொத்தானைத் தேடவோ முயலுந்தோறும் அதனை நெற்றிக்கு உயர்த்தித்தான் பார்க்கவேண்டும். வெளியுலகைக் கேமராவால் காட்டும் புதிய கருவிகள் இத்தொல்லையைக் குறைத்துவருகின்றன; எனினும் கேமராவின் வழியே சிறிய எழுத்தைப் படித்தல் எளிதன்று.

எனவே லிங்க் கற்பித்த பாடத்தை, அஃதாவது மேகத்தில் முட்களை நோக்கிப் பறத்தலைப் பயில விரும்புவோர்க்கு ஹெட்செட் வேண்டுவதேயில்லை. அவர்க்குத் தட்டைத் திரையே உசிதம். சரிபார்ப்புப் பட்டியலை மனத்திற் பதித்தற்கும், இன்ன பொத்தான் இன்னவிடத்தில் உள்ளது என்று கை பழகுதற்கும், விமானத்தின் கருவிப் பலகையை அளவொத்து அச்சிட்டுச் சுவரில் ஒட்டிய தாளொன்றே போதும். இதனைக் கேட்டு நகைப்பார் உளர், நகைக்கட்டும்.

விலையைக் கூறுமிடத்து, பெட்டியின்மேல் எழுதிய விலை கணக்கின் ஒரு பகுதியே என்க. மேற்கூறிய குவெஸ்ட் 3 கருவியின் இரு கண்களுக்குமான புள்ளிகள் ஏறத்தாழ 91 லட்சம். வினாடிக்கு 90 முறை அவற்றைப் புதுப்பிக்கக் கணினி வினாடிதோறும் 82 கோடி புள்ளிகளைக் கணக்கிட வேண்டும். 4கே திரையில் வினாடிக்கு 30 முறை என்று அமைந்தாலோ 25 கோடி போதும். தட்டைத் திரையில் காட்சி சற்றுத் தடுமாறினால் சலிப்பு உண்டாகும். ஹெட்செட்டில் தடுமாறினால் குமட்டல் உண்டாகும். ஆதலின் ஹெட்செட் வாங்கியவர் சின்னாளிற் கிராபிக்ஸ் கார்டும் வாங்குவார். அதன் விலை பலகாலும் ஹெட்செட்டின் விலையை விஞ்சி நிற்கும்.

இன்னொரு செலவு, கருவி தன் ஆயுள் முடியுமுன் கைவிடப்படுதல். எச்.பி. நிறுவனத்தார் 2020-ல் 599 டாலருக்கு வெளியிட்ட ரிவெர்ப் ஜி2 என்னும் ஹெட்செட், காட்சித் தெளிவினால் சிமுலேட்டர் அன்பர்களிடையே பெயர்பெற்றது. அது விண்டோஸிலுள்ள ஒரு பகுதியை நம்பி இயங்குவது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் அப்பகுதியை நீக்கப்போவதாக 2023 டிசம்பரில் அறிவித்து, 2024-ல் வெளிவந்த விண்டோஸ் 11 பதிப்பில் நீக்கியும்விட்டனர். கருவி பழுதுபடவில்லை, ஆயினும் உரியவர் பழைய பதிப்பிலேயே தங்கவோ, பிறர் ஆக்கும் மென்பொருளை எதிர்பார்க்கவோ நேர்ந்தது. ஜாய்ஸ்டிக்கிற்கும் மிதிகளுக்கும் இவ்வச்சம் பெரிதும் இல்லை.

மேற்கூறியவற்றுள் விமானியாதலைத் தொழிலாக நாடுவோர்க்கு முதன்மையான கணக்கு வேறொன்று. அமெரிக்காவில் ஆசிரியரோடு சிறு விமானமொன்றில் ஒருமணி நேரம் பறக்க 200 டாலரும் அதற்கு மேலும் ஆகின்றது. அந்நாட்டில் தனிவிமானி உரிமத்திற்குக் குறைந்தது 40 மணி நேரப் பறப்பு வேண்டும். கருவிகளை மட்டும் நோக்கிப் பறக்கும் தகுதிக்கு வேண்டிய 40 மணி நேரத்தில், அரசாங்கம் அங்கீகரித்த தரைப் பயிற்சிக் கருவிகளில், அவற்றின் தரத்திற்கேற்ப 10 அல்லது 20 மணி நேரத்தை ஆசிரியர் முன்னிலையிற் கழிக்கலாம். வீட்டில் ஹெட்செட் அணிந்து பறந்த ஆயிரம் மணி நேரமும் உரிமப் புத்தகத்தில் ஒரு மணியாகவும் ஏறாது. எனவே கையிலுள்ள 500 டாலரால் ஹெட்செட் வாங்குபவன் உண்மைப் பறப்பில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தை விட்டுக்கொடுக்கின்றான். அவ்விரண்டு மணி நேரத்தை அவன் வீட்டுப் பயிற்சியால் திரும்பப் பெறுவானாயின் செலவு தகும். பெறக்கூடும் என்றே எண்ணுகின்றோம். ஆனால் ஆசிரியர் இன்ன பிழையைத் திருத்துக என்று சொல்லிவிட்ட பின்னர் அதனையே பயில்வானாயின் மட்டும். அமெரிக்க விமானப்படையார் 2018-ல் டெக்ஸஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் 20 மாணவர்க்கு ஹெட்செட் கொண்டு பயிற்சி தொடங்கியபோதும், ஆசிரியரை நீக்கவில்லை. டி-6 விமானத்தில் உண்மையாகப் பறப்பதையும் நீக்கவில்லை. ஆறு திங்களில் 13 பேர் தேறினர்.

இக்காரணங்களால் எம்மை வினவியோர்க்கு யாம் கூறிய வரிசை இது. முதலில் நல்ல ஜாய்ஸ்டிக். அதன்பின் சுக்கான் மிதிகள், ஏனெனில் குறுக்குக் காற்றில் இறங்குதலைக் கால்களின்றிக் கற்க இயலாது. அதற்குமேற் பணம் இருப்பின், தொப்பியிற் பொருத்திய சிறு அடையாளங்களைக் கேமராவால் தொடர்ந்து தலையின் அசைவை அறியும் டிராக்-ஐஆர் போன்ற கருவி. இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்டிராக் என்னும் மென்பொருளும் சாதாரண வெப்கேமராவும் கொண்டும் இதனை ஒருவாறு அமைக்கலாம். தலையைச் சிறிது திருப்பினால் திரையின் காட்சி மிகுதியாகத் திரும்பும். ஆழ உணர்ச்சி இராது. ஆயினும் சுற்றில் ஓடுபாதையைத் தேடும் பழக்கம் பெரும்பாலும் கைகூடும். ஹெட்செட் நான்காவது. ஹெலிகாப்டரோ, என்ஜின் இல்லாத கிளைடரோ பயில்பவர்க்கு மட்டும் அதனை இரண்டாவதாக வைக்கலாம். வானத்தைக் காணும் இன்பத்திற்காகவே வாங்குவோரை யாம் தடுப்பதில்லை. அவர்க்கு இக்கணக்கே வேண்டா.

நிற்க, வாங்குமுன் பிறரிடம் இரவல் பெற்றேனும் ஒருமுறை அணிந்து, நான்கைந்து சுற்றுப் பறந்து பார்த்தல் நன்று. கண் அசைவைக் காண, உட்செவி அசையவில்லை என்று சொல்ல, வயிறு இவ்விரண்டிற்கும் இடையே அகப்பட்டு வருந்தும். அமெரிக்கக் கடற்படையின் ஹெலிகாப்டர்ச் சிமுலேட்டரில் இந்நோய் உண்டாதலை 1957-லேயே எழுதிவைத்துள்ளனர். இருபது நிமிடத்தில் தலை சுழன்றால் உடனே கழற்றிவிடுக. பொறுத்துக்கொண்டு தொடர்தல் கூடாது. அன்று உண்மை விமானத்தில் ஏறுதலும் வேண்டா. சிலர்க்குச் சின்னாட்பழக்கத்தில் நீங்கும், சிலர்க்கு நீங்குவதேயில்லை. மூக்குக்கண்ணாடி அணிவோர்க்கு அதன்மேல் ஹெட்செட் சரியாகப் பொருந்தாமலும் போகலாம். அவர் தம் பார்வைக்கேற்ற வில்லைகளைத் தனியே செய்வித்துக்கொள்ள நேரும். அதன் விலையையும் முன்னரே கணக்கிற் சேர்த்துக்கொள்க.