ஓடச் சொன்ன சொல்

கரும்பலகை இல்லாத வகுப்பு – 9

தமிழில் எழுதினால் மூன்றே எழுத்து: ஸ்மோங். நம் நாக்கில் சட்டென்று உட்காராது. 2004 டிசம்பர் வரை இந்தோனேசியர்களிலேயே பெரும்பாலோர் கேள்விப்படாத சொல். சுமத்ராவின் மேற்குக் கரையிலிருந்து ஏறக்குறைய 150 கி.மீ. தள்ளி, இந்தியப் பெருங்கடலில் தனியாகக் கிடக்கிறது சிமெலுவே தீவு. அந்தத் தீவின் சொல் இது. அங்கே தேவாயன், சிகுலாய், லெக்கோன் என்று மூன்று மொழிகள் உண்டு. ஓர் ஊர்க்காரர் பேச்சு இன்னோர் ஊர்க்காரருக்குப் புரியாமல் போகலாம். ஸ்மோங் மட்டும் எல்லோருக்கும் புரியும்.

சென்ற வாரம் நீலகிரித் தேனெடுப்பவர்களோடு பாறை ஏறினோம். இந்த வாரம் கடலுக்கு இறங்குவோம். இறங்குவதைவிட, எப்போது கடலைவிட்டு ஏற வேண்டும் என்று பார்ப்போம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா நேரம் காலை 7.58, நம் கடிகாரத்தில் 6.29. ரிக்டர் அளவு என்று நாம் பழக்கதோஷத்தில் சொல்லும் கணக்கில் 9.1. நிலநடுக்கத்தின் மையம் சிமெலுவேயின் வடமுனைக்கு மிக அருகே. அந்த முனையில் லங்கி என்றொரு ஊர், சுமார் 800 பேர். ஆட்டம் தொடங்கி எட்டு நிமிடத்தில் அலை வந்துவிட்டது. உயரம் பத்து மீட்டருக்கும் மேல். வீடுகள் அடித்தளம் மட்டும் மிஞ்ச வழித்தெடுக்கப்பட்டன. லங்கியில் ஒருவர்கூடச் சாகவில்லை.

தீவு முழுக்க அப்போது சுமார் 78,000 பேர். இறந்தவர்கள் ஏழு பேர். அதே காலையில், அதே ஆச்சே மாகாணத்தின் பெருநிலப் பகுதியில் இறந்தும் காணாமலும் போனவர்கள் 1,60,000-க்கும் மேல்.

சிமெலுவேக்கு எந்த எச்சரிக்கையும் வந்து சேரவில்லை. அன்றைக்கு இந்தியப் பெருங்கடலுக்கென்று சுனாமி எச்சரிக்கை அமைப்பே கிடையாது. இருந்திருந்தாலும் எட்டு நிமிடத்தில் எந்தச் செய்தி எந்தக் காதை எட்டும்? அவர்களுக்கு எட்டியது ஓர் உள்ளூர்க் கூவல்தான். தரை நீண்ட நேரம் ஆடியது, கடல் பின்வாங்கியது, யாரோ 'ஸ்மோங்', அதாவது சுனாமி, என்று கத்தினார்கள், ஊர் மேட்டுக்கு ஓடியது.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு தேதி இருக்கிறது: 1907 ஜனவரி 4. டச்சுக்காரர்கள் ஆட்சி. அன்று நிலம் ஆடியபின் கடல் உள்வாங்கிற்று. கரையில் மீன்கள் துடித்தன. அள்ளப் போனவர்களைத் திரும்பி வந்த கடல் அள்ளிக்கொண்டது. கரையோர ஊர்கள் அழிந்தன. தப்பியவர்கள் கல்வெட்டு வைக்கவில்லை, நூல் எழுதவில்லை. பிள்ளைகளிடம் சொன்னார்கள்.

சொன்ன விதம்தான் இந்த அத்தியாயத்துக்குப் பாடம். அந்தத் தீவில் பெரியவர்கள் கதை சொல்லும் வழக்கத்துக்கு 'நஃபி-நஃபி' என்று பெயர். மாலைத் தொழுகை முடிந்த பொழுதிலோ, வேலை ஓய்ந்த நேரத்திலோ, பாட்டி பேரப்பிள்ளையிடம் சொல்வது. 'நண்டோங்' என்றொரு பாட்டு வகையும் உண்டு. பறையும் வயலினும் சேர, கல்யாண வீட்டில் விடிய விடியப் பாடுவார்கள். இவை ஸ்மோங்குக்காக உண்டானவை அல்ல. காதலும் ஒழுக்கமும் பழைய சண்டைகளும் போகிற அதே பாதையில் ஸ்மோங்கும் போயிற்று.

கதையின் சாரத்தை ஒரு குழந்தை ஒப்பித்துவிடலாம். நிலம் பெரிதாக ஆடினால், அதன்பின் கடல் வற்றினால், எதையும் எடுக்க நிற்காதே, மேட்டுக்கு ஓடு. அவ்வளவுதான். சாமி கோபித்துக்கொண்டதா, தட்டுகள் உரசினவா என்ற விளக்கம் அதற்குள் இல்லை. அடையாளம் இரண்டு, செய்ய வேண்டியது ஒன்று. மூளையைத் தாண்டிக் காலுக்குப் போய்ச் சேருகிற கதை.

அது 97 ஆண்டு மறக்கப்படாமல் இருந்ததற்கு இன்னொரு காரணம் அந்த மண்தான். சிமெலுவேயில் நிலநடுக்கம் அபூர்வம் இல்லை. ஒவ்வொரு முறை தரை குலுங்கும்போதும் பாட்டிக்குக் கதையைத் திரும்ப எடுக்க ஒரு சாக்கு கிடைக்கும். பெரிதாகக் குலுங்கினால் மேட்டுக்குப் போவார்கள், ஒன்றும் நடக்காவிட்டால் இறங்கி வருவார்கள். நம் ஊரில் இப்படி இரண்டு முறை வீணாக ஓடியவனை மூன்றாம் முறை கேலி செய்தே நிறுத்திவிடுவோம். அங்கே வீண் ஓட்டத்துக்குப் பெயர் ஒத்திகை. 2005 மார்ச் 28-ல் மறுபடி 8.6 அளவில் நிலம் ஆடியபோதும் ஓடினார்கள்.

பக்கத்திலிருந்த ஆச்சேக்காரர்களுக்கு ஏன் தெரியவில்லை என்று அவர்களைக் குறைசொல்வது எளிது. ஆனால் மண்ணைத் தோண்டிப் பார்த்த புவியியலாளர்கள் சொல்வது, அந்தக் கரையில் 2004 அளவுக்குப் பெரிய அலை அதற்குமுன் வந்து அறுநூறு ஆண்டுகளுக்குமேல் ஆகியிருக்கலாம் என்பது. அறுநூறு ஆண்டு என்பது இருபதுக்கும் மேற்பட்ட தலைமுறை. எந்தப் பாட்டியின் கதையும் அத்தனை தூரம் நடக்காது. பண்டா ஆச்சேயில் கடல் உள்வாங்கியபோது பலர் மீன் பொறுக்கப் போனார்கள். 1907-ல் சிமெலுவேக்காரர்கள் செய்த அதே காரியம்.

தாய்லாந்தின் சூரின் தீவுகளில் வாழும் மோக்கன் மக்களிடம் வேறு மாதிரிக் கதை. படகிலேயே வாழ்நாளைக் கழித்த கடல்நாடோடிகள் அவர்கள். அவர்களிடம் தேதி இல்லை, புராணம் இருந்தது. மனிதரைத் தின்னும் அலைக்கு 'லாபூன்' என்று பெயர். மூதாதையரின் ஆவிகள் அதை அனுப்பும், அதற்குமுன் கடல் வற்றும். 2004-ல் கடல் வற்றியதைப் பார்த்த மூத்தவர்கள் சத்தம் போட்டார்கள், ஊர் உயரத்துக்கு ஏறியது. சிமெலுவேயில் வரலாறு காப்பாற்றியது, சூரினில் புராணம் காப்பாற்றியது. பழங்குடி அறிவு என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைத்துப் பேசுகிறவர்கள் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வடிவம் ஊருக்கு ஊர் வேறு. பொதுவாக இருந்தது, கதையின் முடிவில் கேட்கிறவர் என்ன செய்ய வேண்டும் என்ற ஒரு வரி.

அந்த ஒரு வரி நம்மிடம் இருந்ததா?

சொல் இருந்தது. 'கடல்கோள்' என்று இரண்டாயிரம் ஆண்டு வாசனையுள்ள சொல். இறையனார் களவியல் உரை, கடல் கொண்ட பழைய நிலத்தைப் பற்றிச் சொல்கிறது. மணிமேகலையில் புகார் நகரமே கடலுக்குள் போகிறது. இவற்றை மேடைதோறும் பேசியிருக்கிறோம், குமரிக்கண்டம் என்று வரைபடம்கூடப் போட்டிருக்கிறோம். 2004-ல் அதே பூம்புகார்க் கரையிலும் தரங்கம்பாடியிலும் அலை ஏறிய காலையில் இந்தச் சொல் யாரையும் ஓடச் சொல்லவில்லை. அது பெருமையாக மட்டுமே நம்மிடம் வந்து சேர்ந்திருந்தது. தமிழ்நாட்டில் அன்று இறந்தவர்கள் சுமார் 8,000 பேர். அவர்களில் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர்கள்.

இதற்காக நம் மீனவர்களுக்குக் கடல் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைக்கிறவர்கள் அவர்கள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மீனைச் சொல்வார்கள். அந்த அறிவு தினசரிக் கடலுக்கானது. பல தலைமுறைக்கு ஒருமுறை வருகிற கடலுக்கு அவர்களிடம் பாடம் இல்லை. 1881 டிசம்பர் 31-ல் கார் நிக்கோபார் அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தில் எழுந்த சிறு அலையைச் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த அலைமானிகள் பதிவு செய்தன. அது காகிதத்தில் இருந்தது. கதையாகவில்லை.

சரி, ஸ்மோங்கை அப்படியே தமிழாக்கி நம் பாடநூலில் போட்டுவிடலாமா? கூடாது. இங்கேதான் 'வட்டாரம்' என்ற சொல்லுக்கு உயிர் வருகிறது.

முதல் அடையாளம், தரை ஆட்டம். நாகப்பட்டினத்தில் அன்று ஆட்டம் பலருக்குத் தெரியவே இல்லை. சுமத்ரா அத்தனை தொலைவு. அலை வந்து சேரவே இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. இரண்டாவது அடையாளம், கடல் வற்றுவது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. கடலடி உடைந்த விதத்தால், கிழக்கே தாய்லாந்துப் பக்கம் போன அலையில் பள்ளம் முன்னால் போயிற்று, அதனால் அங்கே கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே நம்மையும் இலங்கையையும் நோக்கி வந்த அலையில் மேடு முன்னால் வந்தது. இங்கே பல இடங்களில் கடல் முதலில் ஏறிற்று, பிறகு உள்வாங்கிற்று, மறுபடி பெரிதாக வந்தது. ஆக, நம் பாட்டி சொல்ல வேண்டிய கதை வேறு: முதல் அலை வடிந்துவிட்டது என்று படகையும் வலையையும் பார்க்கக் கரைக்குத் திரும்பாதே.

மூன்றாவது, ஓடும் திசை. சிமெலுவேயில் வீட்டுக்குப் பின்னாலேயே குன்று. நாகையில் குன்றுக்கு எங்கே போவது? ஊருக்கு ஊர் பதில் மாறும்: மணல்மேடு, மாடியுள்ள பள்ளிக்கூடம், புயல் பாதுகாப்பு மையம், மேற்கே போகும் சாலை. இந்தப் பதிலைச் சென்னையில் உட்கார்ந்து ஒரே பாடமாக எழுத முடியாது.

பாரம்பரிய அறிவுக்கும் எல்லை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. 2010 அக்டோபர் 25-ல் சுமத்ராவை ஒட்டிய மெந்தாவாய்த் தீவுகளுக்கு அருகே நிலநடுக்கம். மெதுவாக உடைந்ததால் ஆட்டம் மெலிதாக இருந்தது. பலர் பொருட்படுத்தவில்லை. அலை வந்து நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2018 டிசம்பரில் அனாக் கிரகத்தாவ் எரிமலை சரிந்து எழுந்த அலைக்கு முன்னால் மக்கள் உணரும்படி நிலநடுக்கமே இல்லை. 'பலமாக ஆடினால் ஓடு' என்ற பாடம் அங்கே போதவில்லை. கருவிகள் இதற்குத்தான் வேண்டும். ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் நம் சுனாமி எச்சரிக்கை மையம், இரண்டு மணி நேர அவகாசமுள்ள தமிழகக் கரைக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால் கருவி சொல்லும், கால்தான் ஓட வேண்டும். 2012 ஏப்ரலில் 8.6 அளவில் கடலடி ஆடியபோது பண்டா ஆச்சேயில் எல்லோரும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிச் சாலைகளை அடைத்துக்கொண்டார்கள்.

இன்று சிமெலுவேயிலேயே ஸ்மோங்குக்கு ஆபத்து. இளையவர்கள் இந்தோனேசிய மொழிக்கு மாறுகிறார்கள், மாலைநேரத்தைத் தொலைக்காட்சியும் கைபேசியும் எடுத்துக்கொண்டன. பாட்டி இருக்கிறாள், கேட்க ஆள் இல்லை. இந்தோனேசியக் கல்வியில் 'முவாத்தான் லோக்கால்', அதாவது உள்ளூர்ப் பாடம் என்று ஓர் ஏற்பாடு 1980-களின் இறுதியிலிருந்து உண்டு. ஸ்மோங்குக்குப் பள்ளியில் ஏற்ற இடம் அதுதான். ஆனால் வகுப்பறைக்குள் வரும்போது ஒரு கதை எளிதில் வினா–விடையாகிவிடும். 'ஸ்மோங் – குறிப்பு வரைக' என்று ஆகிற நாளில், அது செத்துப்போகும்.

நம் நிலைமை ஏற்கெனவே அதுதான். சுனாமி ஜப்பானியச் சொல், 'துறைமுக அலை' என்று பொருள் என்று தர்மபுரிப் பிள்ளையும் வேளாங்கண்ணிப் பிள்ளையும் ஒரே வரியைப் படிக்கிறார்கள். தர்மபுரிக்கு அது பொது அறிவு. வேளாங்கண்ணிக்கு? அங்கே ஆசிரியர் செய்யக்கூடியது செலவில்லாத காரியம். அன்று தப்பிய ஓர் அம்மாவை வகுப்புக்கு அழைத்து வரலாம். எங்கே நின்றிருந்தார், தண்ணீர் எதுவரை வந்தது, எந்தத் தெருவழி ஓடினார் என்று பிள்ளைகள் கேட்கட்டும். பிறகு மணி அடித்து அதே தெருவில் ஓடிப் பார்க்கட்டும்.

அந்த அம்மாக்கள் இப்போது பாட்டிகளாகிக்கொண்டிருக்கிறார்கள். 2004-க்குப் பின் பிறந்த பிள்ளைகள் கடலுக்கே போகத் தொடங்கிவிட்டார்கள். சிமெலுவேயின் கதை 97 ஆண்டு காத்திருந்து வேலை செய்தது. நமக்கு அந்தக் கணக்கு 2101-ல் முடிகிறது. அதுவரை நடக்க வேண்டிய கதையின் முதல் வரியை, கடற்கரை ஊர்களில் இன்னும் யாரோ சொல்லத் தொடங்க வேண்டும்.

(அடுத்த வாரம்: காணிக்காரர்கள் காட்டிய பச்சிலை – காட்டின் அறிவு விலைபோனால் பங்கு யாருக்கு?)