ஆதிப் பிரபஞ்சத்தின் குழம்பு

தொலைநோக்கி எவ்வளவு பெரிதானாலும் பிரபஞ்சம் பிறந்த முதல் நொடியைக் காட்டாது. அன்றைய ஒளி வெளியேற வழியின்றி அடைபட்டுக் கிடந்தது. ஆகவே விஞ்ஞானிகள் அந்நிலையைச் சிறிதளவு மீண்டும் உண்டாக்கிப் பார்த்தனர்!

அமெரிக்காவின் புரூக்ஹேவனில், 2000ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய 3.8 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் முடுக்கியில், தங்க அணுக்கருக்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் எதிரெதிராக மோதவிட்டனர். வெப்பநிலை 4 லட்சம் கோடி டிகிரி. சூரியனின் மையத்தைப்போல் இரண்டரை லட்சம் மடங்கு! புரோட்டான்கள் உருகி, உள்ளிருந்த குவார்க்குகள் விடுபட்டன. கண்ணிமைக்கும் நேரம்கூட அது நிலைக்காது. தெறித்தோடிய துகள்களின் தடங்களைக் கொண்டே அதன் தன்மையைக் கணித்தனர்.

அது வாயுவைப்போல் இருக்கும் என்றே பலரும் எண்ணியிருந்தனர். 2005இல் வெளியான முடிவோ, உள் உராய்வு ஏறத்தாழ இல்லாத திரவம் என்றது! பிறந்து நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு நேரம் வரை பிரபஞ்சம் இக்குழம்பாகவே இருந்தது. அது ஆறியபோது குவார்க்குகள் மூன்று மூன்றாகச் சேர்ந்து புரோட்டான்களாயின.